ஓரத்துச் சிவப்பு

எங்கள் கேலரியில் ஒரு விதி உண்டு. புத்தகம் அச்சுக்குப் போகும் முன் அதன் நிறங்களைப் படத்தின் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். கணினித் திரையை நம்பக் கூடாது. போட்டோவையும் நம்பக் கூடாது. "சுவர் சொல்றதுதான் சரி" என்பார் மேடம். கேலரி அவருடையது.

நான் அங்கே சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. எங்கள் ஓவியர்களில் யாருக்கு எங்கே கண்காட்சி, யாருடைய புத்தகம் வருகிறது என்று மாதம் ஒருமுறை எல்லோருக்கும் கடிதம் எழுதி அனுப்புவேன். படங்களின் அளவையும் ஆண்டையும் அளந்து விசாரித்துச் சீட்டில் எழுதி ஒட்டுவேன். புத்தகங்களுக்குப் புரூஃப் பார்ப்பேன். யாரிடமும் அதிகம் பேச வேண்டாத வேலை. அதனால்தான் ஒப்புக்கொண்டேன்.

அண்ணனுக்கு இது பிடிபடவே இல்லை. "மூணு வருஷம் ஆசிட்டும் உப்பும் படிச்சிட்டு, படத்துக்குப் பேர் எழுதி ஒட்டுறியா?" என்பான். அவன் தாவரவியல் படித்துவிட்டு மருந்துக் கடையில் நிற்கிறான். அதைச் சொல்லிக் காட்ட நினைப்பேன். வாக்கியம் தயாராவதற்குள் அவன் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பான்.

இந்தக் கதை புரூஃப் அக்காவின் படங்களைப் பற்றியது.

அவருக்கு வயது அறுபத்திரண்டு. ஒரு நாளிதழ் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் பிழை திருத்துபவராக இருந்தவர். அங்கே எல்லோரும் புரூஃப் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம் வருவதற்கு நடுவே கிடைக்கும் பத்து நிமிடங்களில், கழித்துப் போட்ட புரூஃப் தாள்களின் பின்பக்கத்தில் அவர் வரைந்திருந்தார். பிழை திருத்த அலுவலகம் கொடுத்த சிவப்பு மையும் தொட்டு எழுதும் பேனாவும்தான். மின்விசிறிக்குக் கீழே பறக்காமலிருக்கச் செருப்பை வைத்த காகிதக் கட்டு. மேசையில் தலை சாய்த்த தட்டச்சுக்காரியின் பிடரி. மூடி தொலைந்த பசைப் புட்டி. எல்லாம் சிவப்பில். இதுவரை யாரிடமும் காட்டியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு அவருடைய தங்கை மகள் ஒரு பையில் போட்டு எடுத்துவந்து மேடத்திடம் கொடுத்தாள். இருபத்தேழு தாள்கள்.

மேடம் அன்று முழுக்க யாருடைய போனையும் எடுக்கவில்லை. அன்றே போட்டோ எடுக்க ஆள் வரச் சொன்னார். அடுத்த வாரம் எல்லாவற்றுக்கும் சட்டம் போட்டு, கண்காட்சி நடக்கும் வரை தன் அறையிலேயே மாட்டச் சொன்னார். மூன்று வரிசை, வரிசைக்கு ஒன்பது. எதிர்ச் சுவர் முழுக்க ஜன்னல். "காலைல வந்ததும் இதைப் பார்த்துட்டுத்தான் மத்த வேலை" என்றார்.

ஏழு மாதம் அப்படியே இருந்தன.

ஏழாம் மாதம் அச்சகக்காரர் புத்தகத்தின் மாதிரித் தாள்களைக் கொண்டுவந்தார். நான் ஒவ்வொன்றாகச் சுவரில் இருந்த படத்தின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். அச்சில் சிவப்பு தூக்கலாக இருந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, சுவரில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. இருபத்தேழு பக்கத்திலும் 'சிவப்பைக் குறைக்கவும்' என்று எழுதினேன்.

அச்சகக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"ஏம்மா, போட்டோல எப்படி இருக்கோ அப்படித்தான் போட்டிருக்கேன். என் மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

"சுவர்ல இப்படித்தான் இருக்கு அண்ணா."

"இருக்கு, நானும் பார்க்கிறேன். ஆனா வரைஞ்சவங்க உசிரோட இருக்காங்கல்ல? எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுரு. இத்தனை பக்கத்துல ஒரே தப்புன்னா எனக்கே உதைக்குது."

எனக்கும் உதைத்தது. அவர் சொன்னதால் மட்டும் அல்ல. கேமரா தவறு செய்தால் முழுத் தாளுக்கும் சேர்த்துத்தான் செய்யும். இங்கே தாளின் பழுப்பு அச்சிலும் சுவரிலும் ஒன்றாகவே இருந்தது. மை மட்டும்தான் மாறியிருந்தது. வேதியியலில் பட்டம் வாங்கியவள் அந்த இடத்தில் நின்று யோசித்திருக்க வேண்டும்.

போனை எடுத்தேன். என்ன பேச வேண்டும் என்று தாளில் எழுதிக்கொண்டேன். 'வணக்கம் அக்கா, நான் கேலரியிலிருந்து பேசுகிறேன்.' எண்ணைப் போட்டேன். முதல் மணி அடிக்கும் முன் நிறுத்திவிட்டேன். மதியம் தூங்குகிற நேரமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். மாலையில், வேலையாக இருப்பார் என்று சொல்லிக்கொண்டேன். மறுநாள், சுவர் சொல்வதுதானே சரி என்று சொல்லிக்கொண்டேன். தாள்களில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

ஐந்நூறு புத்தகம் வந்து இறங்கியது, வெளியீட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது. அட்டை, தாள், கட்டு எல்லாம் அருமையாக வந்திருந்தன. மேடம் முதல் பிரதியை முகர்ந்து பார்த்தார்.

அன்று பிற்பகல் ரசமட்டம் வந்தார். சட்டம் போடுவதும் படம் மாட்டுவதும் அவர் வேலை. எந்தச் சுவரைப் பார்த்தாலும் சட்டைப் பையிலிருந்து சாய்வு பார்க்கும் ரசமட்டத்தை எடுத்து வைத்துப் பார்க்காமல் விடமாட்டார், அதனால் அந்தப் பெயர். படங்களை மேடத்தின் அறையிலிருந்து கூடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது ஒன்றின் கண்ணாடிக்குள் சின்னப் பூச்சி இருப்பதைப் பார்த்தார்.

"இது எப்ப டிக்கெட் வாங்கி உள்ள போச்சு?" என்று சட்டத்தைக் கவிழ்த்துப் பின்பலகையைக் கழற்றினார். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே மவுண்ட் என்று ஒரு வெள்ளை அட்டை இருக்கும். நடுவில் ஜன்னல் போல வெட்டியிருப்பார்கள், படம் அதன் வழியே தெரியும். அவர் அந்த அட்டையைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார்.

"பாப்பா, இங்க வா."

தாளின் நடுவில் பசைப் புட்டி, வெளிறிய ரோஜா நிறத்தில். அட்டை மூடியிருந்த ஓரத்தில், புட்டி நிற்கும் மேசையின் கோடு தொடர்ந்து போனது. அங்கே அது சிவப்பு. அடர்ந்த, ஈரம் காயாதது போன்ற சிவப்பு. ஒரே கோடுதான். அட்டையின் விளிம்பு இருந்த இடத்தில் அளந்து வெட்டியதுபோல நிறம் மாறியது.

எனக்குக் கல்லூரி ஆய்வகத்தின் அலமாரி நினைவுக்கு வந்தது. இயோசின் என்ற சாயம். பழைய சிவப்பு மைகளில் பாதிக்கு மேல் அதுதான். எங்கள் ஆய்வகத்தில் அந்தப் புட்டிக்குக் கருப்புத் தாள் சுற்றியிருப்பார்கள், வெளிச்சம் பட்டால் நிறம் போய்விடும் என்பதற்காக. நானே ஒருமுறை கிழிந்த தாளை மாற்றிச் சுற்றியிருக்கிறேன்.

இத்தனை வருடம் யார் கண்ணிலும் படாமல் இருட்டில் பத்திரமாக இருந்த சிவப்பை, நாங்கள் ஏழு மாதம் ஜன்னலுக்கு எதிரே மாட்டிவைத்து, தினமும் ரசித்துக் காலி செய்திருந்தோம். தினமும் பார்த்ததால் யாருக்கும் தெரியவில்லை. மிச்சம் இருந்த சாட்சி போட்டோ. அதையும் நான் சிவப்பைக் குறைக்கச் சொல்லித் திருத்தி, ஐந்நூறு பிரதி அடிக்கவைத்திருந்தேன்.

மேடத்தைக் கூப்பிட்டேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன். விளக்கி முடித்ததும் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என் ரூம்ல மாட்டச் சொன்னது நான்" என்றார்.

"புத்தகத்தைத் திருத்தினது நான் மேடம்."

"பங்கு பிரிக்கிற நேரமா இது?" கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்தார். பிறகு எழுந்து திரையை இழுத்துவிட்டார், ஏதோ இனிமேல் ஆகப்போவதுபோல. "இங்க பாரு. அவங்களுக்கு அறுபத்திரண்டு வயசு. முதல் கண்காட்சி, முதல் புத்தகம். நாளன்னைக்கு ஒரு சாயங்காலம் அவங்க சந்தோஷமா இருக்கட்டும். முடிஞ்சதும் நானே அவங்க வீட்டுக்குப் போய்ச் சொல்றேன். சத்தியமா சொல்றேன். அதுவரைக்கும் மூணு பேரும் வாயைத் திறக்கக் கூடாது."

"எனக்கென்ன, நான் ஆணி அடிக்கிறவன்" என்றார் ரசமட்டம். பிறகு என்னைக் காட்டி, "பாப்பா வாயைத் திறந்தாத்தான் அதிசயம்" என்றார்.

மேடம் சொன்னதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதுதான் சிக்கல்.

வீட்டில் சாப்பிடும்போது அண்ணனிடம் கேட்டேன்.

"ஒருத்தருக்கு மருந்து மாத்திக் கொடுத்துட்டேன்னு வை. அவருக்கு அது தெரியாது. என்ன பண்ணுவே?"

"யாருக்கு என்ன கொடுத்தே?"

"சும்மா கேட்கிறேன்."

"நீ சும்மா கேட்கிற ஆளா? வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுவே." தட்டைத் தள்ளிவைத்தான். "நான் ஒரு தடவை மாத்திக் கொடுத்துட்டேன். ஓடிப் போய் வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த ஆள் அறைஞ்சுட்டார். ஆனா மாத்திரையைத் திருப்பிக் கொடுத்துட்டார்."

"எனக்குச் சொல்லவே இல்லையேடா" என்றாள் அம்மா.

"அறை வாங்கினதை யார்ம்மா சொல்லிக்கிட்டுத் திரிவாங்க?"

மாத்திரையைத் திருப்பி வாங்கலாம். போன சிவப்பைத் திருப்பி வாங்க முடியாது. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்துக்கொண்டே படுத்தேன்.

மறுநாள் காலை புரூஃப் அக்கா புத்தகத்தைப் பார்க்க வந்தார். காட்டன் புடவை, கையில் குடை, கழுத்தில் சங்கிலி போட்டுத் தொங்கும் மூக்குக் கண்ணாடி. மேடம் காபி வரவழைத்தார். அக்கா காபியைத் தள்ளிவைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார். படங்களுக்குப் போகவில்லை. உரிமைப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, விரலை வரி வரியாக நகர்த்தி, முன்னுரையைப் படித்தார். நாங்கள் மூன்று பேரும் பரீட்சை எழுதியவர்கள் போல நின்றோம். ரசமட்டம் சுவரில் மட்டம் பார்க்கிற மாதிரி நடித்தார்.

"பதினோராம் பக்கம், கீழிருந்து நாலாவது வரி. ஒரு புள்ளி விட்டுப்போச்சு" என்றார் அக்கா. "பரவாயில்லை. ஒண்ணுதான். எங்க பேப்பர்ல இப்படி வந்தா கொண்டாடியிருப்போம்."

பிறகு படங்கள். மெதுவாகப் புரட்டினார். கூடத்துக்குப் போய் ஒரு படத்தின் முன் நின்று, புத்தகத்தை விரித்துப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டும் கழற்றியும் பார்த்தார்.

"யார் கலர் பார்த்தது?"

மேடம் என் பக்கம் கையைக் காட்டினார்.

"சுவர்ல இருக்கிறது அப்படியே வந்திருக்கு. நல்ல கண்ணு உனக்கு."

திட்டியிருந்தால் தலையைக் குனிந்து நின்றிருப்பேன், பழக்கம்தான். நல்ல கண்ணு என்று அவர் சொன்னதை வைத்துக்கொள்ள எனக்கு இடம் இல்லை.

"இல்லக்கா" என்றேன்.

மேடம் காபிக் கோப்பையைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

"என்ன இல்ல?"

"சுவர்ல இருக்கிறதே தப்பு."

கழற்றி வைத்திருந்த பதினான்காம் தாளை, அந்தப் பசைப் புட்டியை, எடுத்துவந்து மேசையில் வைத்தேன். சொன்னேன். ஜன்னல், ஏழு மாதம், போட்டோ, அச்சகக்காரர், நான் எழுதிய குறிப்பு. வாக்கியங்கள் வரிசையாக வரவில்லை. இடையில் இயோசினைப் பற்றி அவருக்குத் தேவையில்லாத இரண்டு விஷயங்களைச் சொன்னேன்.

அக்கா தாளைக் கையில் எடுக்கவில்லை. குனிந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். நிறம் மாறும் அந்தக் கோட்டின் மேல் வெகுநேரம் பார்வை நின்றது.

"ஆமா. இதுதான் எங்க ஆபீஸ் மை" என்றார். "நானும்தான் எதிர்ல நின்னேன். எனக்கே தெரியலையே. கண்ணு மங்கிடுச்சு, ரிடையர் ஆனவளுக்கு எல்லாம் மங்கலாத்தான் தெரியும்னு நினைச்சிட்டேன்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இன்னும் போகுமா?"

"வெளிச்சத்துல இருந்தா போகும். இருட்டுல வச்சா இப்ப இருக்கிறது நிக்கும்."

"போனது?"

"வராதுக்கா."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். முகத்தை முந்தானையால் துடைத்தார். வியர்வையைத் துடைப்பதுபோலத்தான் இருந்தது. மேடம் அவர் பக்கத்தில் போய், "அக்கா, தப்பு என் மேலதான்" என்று ஆரம்பித்தார். அக்கா கையை உயர்த்தி நிறுத்தினார். என்னிடம் கேட்டார்:

"புரூஃப் பார்க்கிறப்ப உனக்குச் சந்தேகம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"மூலத்தோட ஒப்பிட்டுத் திருத்தினே. அதுல தப்பு இல்ல. நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். ஆனா சந்தேகம் வந்தா ஓரத்துல ஒரு கேள்விக்குறி போட்டு எழுதினவங்களைக் கேட்கணும். கேட்டியா?"

"இல்லக்கா."

"ஏன்?"

"போன் பண்ணப் பயம்."

"என்கிட்டயா?"

"யார்கிட்டயும்."

ரசமட்டம் சிரிப்பை இருமலாக மாற்றினார். அக்கா சிரிக்கவில்லை. "உன் பயத்துக்கு என் இருபத்தேழு படம்" என்றார். குரல் உயரவில்லை. நான் அழுதேன். அவர் சமாதானம் செய்யவில்லை, அது எனக்குச் சரியாகவே பட்டது.

சற்று நேரம் கழித்து, "மத்ததையும் கழட்டுங்க. ஓரத்தைப் பார்க்கணும்" என்றார்.

"இருபத்தாறையுமா? நாளைக்கு விழா" என்றார் ரசமட்டம்.

"எத்தனை மணி ஆகும்?"

"நான் மந்திரவாதி இல்ல பெரியம்மா."

"பேப்பர் ஆபீஸ்ல இருபத்தெட்டு வருஷமா எல்லாரும் இதையேதான் சொன்னாங்க. மறுநாள் பேப்பர் வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு."

திரைகளை இழுத்துவிட்டு, தரையில் போர்வை விரித்து, நால்வரும் உட்கார்ந்தோம். ரசமட்டம் கழற்ற, நான் அட்டையைத் தூக்க, மேடம் தாளை மெல்லிய காகிதத்தின் மேல் வைத்தார். ஒவ்வொரு தாளிலும் ஒரு விரல் அகலத்துக்கு அந்தச் சிவப்பு. சிலவற்றில் கோட்டின் நுனி மட்டும். சிலவற்றில் ஒன்றுமில்லாத வெறும் தாள்.

பத்தொன்பதாம் தாளின் அட்டையைத் தூக்கியபோது வலது ஓரத்தில் ஓர் ஆள் இருந்தார். கட்டைவிரல் உயரம். தொப்பை, பெரிய மூக்கு, மணிக்கட்டைத் தூக்கிக் கடிகாரத்தைக் காட்டுகிற கை. முழு ஆளும் அட்டைக்கு அடியிலேயே இருந்ததால் ஒரு சொட்டுக்கூட வெளிறவில்லை. நடுவில் இருந்த தட்டச்சுக்காரி பேய்போல் மங்கியிருக்க, இவர் இப்போதுதான் வரைந்ததுபோல் நின்றார்.

"யாருக்கா இது?" என்றார் மேடம்.

"நேரமாச்சு" என்றார் அக்கா.

மேடம் பதறிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அது அவர் பேரு. அச்சுக்கூடத்து ஃபோர்மேன். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை வாசல்ல வந்து நின்னு, 'நேரமாச்சு நேரமாச்சு'ம்பார். அவர் முகத்துல முழிச்சா புள்ளி கமா எல்லாம் பறந்துடும். வரைஞ்சுக்கிட்டிருக்கும்போது வந்து நிப்பாரா, அவரையும் ஓரத்துல போட்டுடுவேன். அங்கதான நிக்கிறார்."

"நான் கிறுக்கல்னு நினைச்சிட்டேன் பெரியம்மா" என்றார் ரசமட்டம். "ஓரத்துல பேனாவைச் சோதிச்சுப் பார்த்த மாதிரி இருந்துச்சு. அதான் அட்டையை அகலமா வெட்டினேன்."

புத்தகத்திலும் அப்படியே செய்திருந்தோம். சட்டத்துக்குள் எது தெரிந்ததோ அதுவரைதான் பக்கத்தில். இருபத்தேழில் பதினொன்றில் அந்த ஆள் இருந்தார். ஒன்றில் கதவைப் பிடித்துக்கொண்டு. ஒன்றில் முதுகைக் காட்டியபடி. ஒன்றில் ஸ்டூலில் உட்கார்ந்து தூங்கியபடி, ஆனால் கை மட்டும் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டு.

"ரெண்டு மாசம் முன்னாடி நீங்க முதல்ல இங்க வந்தப்பவே படங்களைச் சுவர்ல பார்த்தீங்களேக்கா" என்றார் மேடம். "இவரைக் காணோம்னு தெரிஞ்சிருக்குமே."

ஸ்டூலில் தூங்கும் நேரமாச்சுவையே அக்கா பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சுது. இவங்க வழக்கம் இப்படிப் போல, பெரிய இடம், நாம என்ன கண்டோம்னு விட்டுட்டேன்." குடையைத் தேவையில்லாமல் நகர்த்தி வைத்தார். "அதுக்கு முன்னாடியே அந்த மனுஷன்கிட்ட வாய் விட்டிருந்தேன், படத்துல நீங்களும் இருக்கீங்கன்னு. நாளைக்கு வந்து தேடுவாரேன்னு ரெண்டு மாசமா எனக்குத் தூக்கம் இல்ல."

என்னைப் பார்த்தார். "நானும் கேள்விக்குறி போடலை" என்றார். அது மன்னிப்பு போல இல்லை, கணக்கைச் சரியாக எழுதுவதுபோல இருந்தது.

அதன் பிறகு அவரே முடிவெடுத்தார். மவுண்ட் வேண்டாம். முழுத் தாளும், நாலு ஓரமும் தெரியும்படி சட்டத்தில் வைக்க வேண்டும். கூடத்தில் திரை போட்டு, விளக்கைக் குறைத்து, ஒரே ஒரு சாயங்காலம். அதற்குப் பிறகு எல்லாம் இழுப்பறைக்கு. "ஒரு மாசக் கண்காட்சின்னு அழைப்பிதழ்ல போட்டிருக்கே அக்கா" என்றார் மேடம். "திருத்திக்குங்க" என்றார் அக்கா.

புத்தகத்துக்குள் வைக்க ஒரு திருத்தச் சீட்டு எழுதும் வேலை எனக்கு வந்தது. பதினான்கு வரி எழுதினேன். ஒன்பதாம் வரியிலிருந்து வருத்தம் தெரிவித்தேன். அக்கா படித்துவிட்டுப் பன்னிரண்டு வரிகளை அடித்தார்.

"திருத்தத்துல வருத்தம் எழுதக் கூடாது. எது தப்பு, எது சரி. அதோட நிறுத்திக்கணும். வருத்தம் படிக்கிறவங்களுக்கு எதுக்கு?"

இரண்டு வரி மிஞ்சியது. 'இந்நூலில் அச்சாகியுள்ள சிவப்பு, வெளிச்சத்தில் வெளிறிய படங்களைப் பார்த்துக் குறைத்தது. வரைந்தபோது இருந்த சிவப்பு கீழே.' அதற்குக் கீழே விரல் அகலத்தில் ஒரு பட்டை, முதல் நாள் எடுத்த போட்டோவில் இருந்தபடி. அச்சகக்காரர் சாயங்காலத்துக்குள் ஐந்நூறு சீட்டு அடித்துக் கொண்டுவந்தார். "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. பட்டையைத் தடவிப் பார்த்து, "இப்பதான் என் மெஷின் நிம்மதியா தூங்கும்" என்றார்.

விழாவுக்குக் கூட்டம் வந்தது. மங்கலான கூடத்தில் முதலில் தடுமாறினார்கள். பிறகு கண் பழகியதும் ஒவ்வொருவராகச் சட்டத்துக்கு அருகே குனிந்தார்கள். நடுவைப் பார்த்துவிட்டு ஓரத்துக்கு வந்து, அங்கேயே நின்றார்கள்.

நேரமாச்சு வந்தார். படத்தில் இருந்ததைவிட ஒல்லியாகிவிட்டிருந்தார், மூக்கு மட்டும் அப்படியே. தன்னைக் கண்டுபிடிக்க அவருக்கு நேரமாகவில்லை.

"ஏன் புரூஃபு, என் மூக்கு இவ்வளவு பெருசா?"

"அளவு குறைச்சுத்தான் போட்டிருக்கேன்" என்றார் அக்கா.

"இந்தத் தூங்குறது பொய். நான் தூங்கினதே கிடையாது."

"பதினோரு படத்துல தேடிப் பாருங்க, எதுல முழிச்சிருக்கீங்கன்னு."

அவர் உண்மையிலேயே தேடப் போனார். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு, விரலால் எண்ணிக்கொண்டு.

வாசல் பக்கம் நின்ற ஒரு பெண்மணி அக்காவிடம் கேட்டார், "இந்த ஓரம் மட்டும் ஏங்க இவ்வளவு சிவப்பா இருக்கு?"

அக்கா கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். நான் புத்தக அடுக்குக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"அதோ, அந்தப் பொண்ணைக் கேளுங்க. அவளுக்குத்தான் தெரியும்."

அந்தப் பெண்மணி வந்தார். சொன்னேன். அவர் தன் கணவரைக் கூப்பிட்டு, "இவருக்கும் சொல்லும்மா" என்றார். பிறகு ஒரு மாணவன். பிறகு எங்கள் ஓவியர்களில் ஒருவர், கேட்டுவிட்டுத் தன் படங்கள் எந்தச் சுவரில் இருக்கின்றன என்று பார்க்க மேடத்தின் அறைக்கு ஓடினார். பிறகு நேரமாச்சுவே வந்தார். அன்று பதினோரு தடவை சொன்னேன்.

கடைசித் தடவை சொன்னபோது குரல் நடுங்கவில்லை என்று எழுத ஆசைதான். நடுங்கியது. ஆனால் முதல் தடவை இயோசின், ஆய்வகம், கருப்புத் தாள் என்று இழுத்துக்கொண்டு போனது, போகப் போகக் குறைந்துகொண்டே வந்து, நேரமாச்சுவிடம் சொல்லும்போது இவ்வளவுதான் மிச்சமிருந்தது:

"படம் முழுக்க இந்தச் சிவப்புதான் ஐயா. வெளிச்சத்துல மாட்டி வச்சோம். போயிடுச்சு. நான் கேட்டிருக்கணும், கேட்கலை."

அவர் தன் குட்டி உருவத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப ஓரமா நின்னதுதான் நல்லதா போச்சு" என்றார்.